ஒட்டிய கைக்கு என்ன கொடுத்தோம்?

நாற்சந்தி. விடிந்தும் விடியாத வேளை. தேநீர்க் கடை வாயிலில் நாலு பேர் கூடி நிற்கிறார்கள். எதிர்ச் சுவரைப் பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள். சுவரிலே எட்டுத் துண்டுச் சுவரொட்டி. நடுவிலே தலைவரின் முகம். வலது கண் ஓரங்குலம் மேலே. இடது கண் ஓரங்குலம் கீழே. மூக்கு இரண்டாகப் பிளந்து, பாகப்பிரிவினை கேட்டு வழக்காடும் பங்காளிகளைப் போலப் பாதி அங்கும் பாதி இங்கும் விலகி நிற்கிறது. சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

வட்டத் தோழர் ஓடி வருகிறார். பார்க்கிறார். பதறுகிறார். அவர் வாயிலிருந்து வரும் முதற்கேள்வி, "எவன்டா இதை ஒட்டினவன்?" என்பதுதான்!

தோழர்களே, எண்ணிப் பாருங்கள்! அதே இரவில் அந்த ஊரெங்கும் நூறு இடங்களில் சுவரொட்டி ஏறியிருக்கிறது. தொண்ணூற்றொன்பது நேராக நிற்கின்றன. அவற்றை ஒட்டியவர் யார் என்று கேட்க ஒரு நாவும் அசையவில்லை. நூறில் ஒன்று கோணியது. உடனே ஒட்டியவர் நினைவுக்கு வந்துவிட்டார்! நேராக ஒட்டினால் அப்படியொரு மனிதரே இல்லை. கோணலாக ஒட்டினால் அவரே குற்றவாளி! இது எந்த ஊர் நீதி? இதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

பசை வாளியையும் துடைப்பத்தையும் தூக்கிச் சென்றால் போதும், யாரும் ஒட்டலாம் என்று எண்ணுவோர் உண்டு. நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினோம். தெற்கத்திச் சீமையில் ஒரு மாநாட்டுக்கு முன்னிரவு, சுவரொட்டி வேலையைப் பார்க்கப் போனோம். அங்கே ஒரு பெரியவர். அறுபதைத் தாண்டிய உடம்பு. முழங்கை வரை பசை காய்ந்த கை. "கொடுங்கள் ஐயா, ஒரு தாளை நாமும் ஒட்டிப் பார்க்கிறோம்" என்றோம். சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஒட்டினோம். நிமிர்ந்து பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது! பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மடியிலிருந்து நூலில் கட்டிய சிறு கல்லை எடுத்துத் தாளின் ஓரத்தில் தொங்கவிட்டார். மேலே நூலோடு ஒட்டி நின்ற ஓரம், கீழே அரை அங்குலம் விலகி நின்றது. "அரை அங்குலந்தானே ஐயா" என்றோம்.

"முதல் தாள் கோணினா, கடைசித் தாள் என்ன செய்யும் தம்பி?" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். 30 அங்குலத் தாளில் அரை அங்குலக் கோணல். அதன் தலைமேல் அதே கோட்டில் இன்னும் மூன்று தாள் ஏறினால், உச்சியில் 2 அங்குலம் சாய்ந்திருக்கும்! தலைவர் சுவரிலே நிற்கமாட்டார், நடுவீதியில் சாய்வார்! கீழே செய்த சிறு பிழை, மேலே போகப் போகப் பெருகும். இது சுவரொட்டிக்கு மட்டுமா பொருந்தும் என்பதைத் தோழர்களின் சிந்தனைக்கே விட்டுவிடுகிறோம்.

அன்றிரவு அந்தப் பெரியவரிடம் கற்றதைச் சொல்கிறோம். துண்டுகளை முதலில் தரையிலே பரப்பி வரிசை பார்க்க வேண்டும். எந்தத் துண்டு எதன் மேல், எது எதன் பக்கம் என்று முடிவு செய்யாமல் ஏணியில் ஏறக்கூடாது. அதன்பின் சுவருக்கு ஒரு பூச்சுப் பசை, அதன்மேல் தாள், தாளின்மேல் மறுபடியும் ஒரு பூச்சு. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்குத் தேய்த்தால் காற்று உள்ளே சிக்கிக் கொப்புளம் போடும். கீழ் வரிசை முதலில். மேல் வரிசை பிறகு. மேல் தாளின் அடி, கீழ்த் தாளின் தலையை மூட வேண்டும், ஓடு வேய்வதைப் போல! அப்போதுதான் மழைநீர் வழிந்து ஓடும். மாற்றி ஒட்டினால் நீர் மூட்டுக்குள் புகும். அடுத்த காற்றுக்குத் தாள் தோலுரிந்து தொங்கும்.

இன்னும் கேளுங்கள். தாள், ஈரம் பட்டால் விரியும். எட்டுத் துண்டுக்கும் ஒரே அளவு பசை, ஒரே அளவு ஊறல் வேண்டும். ஒன்று ஊறி விரிந்து, மற்றொன்று ஊறாமல் நின்றால், அச்சகத்தில் அளவெடுத்து வெட்டியது சுவரிலே சேராது. தாளின் ஓரத்தோடு ஓரத்தைச் சேர்ப்பவர் கற்றுக்குட்டி. படத்தோடு படத்தைச் சேர்ப்பவர் கைதேர்ந்தவர். கண்ணும் கண்ணும் முதலில் சேர வேண்டும். மிச்சமிருக்கும் வேறுபாட்டைத் தோள் துண்டின் மடிப்பிலோ பின்னணி வண்ணத்திலோ கரைத்துவிட வேண்டும்.

எழுத்துக்கு வந்தால் இன்னும் ஆபத்து! 'மாநாடு' என்று மூன்று துண்டில் எழுதியிருக்கிறது. இருட்டில், அவசரத்தில், நடுத்துண்டு விடுபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மாநாடு', 'மாடு' ஆகிவிடும்! மாற்றுக் கட்சியினர் மகிழ்ச்சியால் துள்ளுவார்கள். மைதாப் பசைக்கு ஆசைப்பட்டு உண்மையான மாடும் வந்து நிற்கும்!

இவ்வளவையும் எங்கே செய்கிறார்? பட்டப்பகலில் பந்தல் நிழலிலா? இரவு இரண்டு மணிக்கு, தெருவிளக்கு எரியும் இடத்தில் அதன் வெளிச்சத்திலும், எரியாத இடத்தில் கைவிளக்கின் கீற்றிலும்! பூசணமும் பூச்சியும் அண்டாதிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. தோலை அரிக்கும் பொருள் அது. கண்ணில் பட்டால் எரிக்கும். அதை வெறுங்கையால் அள்ளிப் பூசுகிறார். கையுறை வாங்கித் தந்த கனவான் எவரேனும் உண்டா?

"ஒரே தாளில் அச்சடித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே!" என்று கேட்கலாம். அச்சு எந்திரத்துக்கு ஓர் அகலம் உண்டு. அதற்கு மேல் தாள் நுழையாது. 1796இல் அலாய்ஸ் செனஃபெல்டர் என்பவர் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார். அந்த முறையைக் கொண்டுதான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரத் தெருக்களை ழூல் ஷெரே என்ற ஓவியர் வண்ணச் சுவரொட்டிகளால் நிறைத்தார். கல்லின் அளவை மிஞ்சிய படம் வேண்டுமானால், துண்டு துண்டாக அச்சிட்டுச் சுவரிலே சேர்ப்பதே வழி. நம் சிவகாசியை எடுத்துக்கொள்ளுங்கள். 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும். தீப்பெட்டிக்கு வேண்டிய வண்ணச் சீட்டிலிருந்து அச்சுத் தொழில் கிளைத்தது. நாடெங்கும் சுவரொட்டி அனுப்பும் ஊராக அது வளர்ந்தது. கல் போயிற்று, ஆப்செட் வந்தது. எந்திரம் மாறிற்று, துண்டு மாறவில்லை, துண்டைச் சேர்க்கும் கையின் தேவையும் மாறவில்லை.

"இப்போதுதான் பிளெக்ஸ் வந்துவிட்டதே!" என்பார்கள். வந்தது, உண்மை. தூரிகை பிடித்து நாற்பதடி உயரத்துக்கு முகம் தீட்டிய ஓவியர் பலரின் பிழைப்பைப் பறித்துக்கொண்டே வந்தது! ஆனால், பரவலாகப் பயன்படும் பிளெக்ஸ் எந்திரத்தின் அகலமும் சுமார் 10 அடிதான். நாற்பதடிப் பலகை என்றால் அதையும் துண்டாக அச்சிட்டு, சூடு காட்டிச் சேர்க்க வேண்டும். இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். ஒரு பக்கம் அதிகம் இழுத்தால் முகம் நீளும். தளர விட்டால் காற்றில் படபடக்கும். ஆக, ஒட்டியவர் ஒழிந்து போகவில்லை. அன்று ஏணியில் நின்றார். இன்று வானத்தில் தொங்குகிறார். வேறுபாடு அவ்வளவே!

அந்த வானத்தில் நடந்தது என்ன? 2023 ஜூன் 1ஆம் நாள், கோவையை அடுத்த கருமத்தம்பட்டியில் விளம்பரப் பலகை பொருத்தும் வேலையில் ஈடுபட்டிருந்தபோது இரும்புச் சட்டம் சரிந்து 3 தொழிலாளர்கள் மாண்டார்கள். 2018 அக்டோபரில் புனே நகரில் பலகையின் இரும்புச் சட்டத்தைப் பிரித்தெடுக்கும்போது அது சாலையிலே சாய்ந்து 4 பேரின் உயிரைக் குடித்தது. ஏற்றும்போதும் சாவு, இறக்கும்போதும் சாவு! 2024 மே 13ஆம் நாள், மும்பை காட்கோபரில் பெட்ரோல் நிலையத்தின் மேல் விழுந்த பலகை 17 உயிர்களைப் பறித்தது. அங்கே மாநகராட்சி ஒப்பிய அளவு 40க்கு 40 அடி. நின்றதோ 120க்கு 120 அடி! பரப்பில் ஒன்பது மடங்கு! காற்றின் வேகம் இருமடங்கானால் பலகையை அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். அந்தப் பாடம் பணம் எண்ணியவர்களுக்கு மறந்துவிட்டது; காற்றுக்கு மறக்கவில்லை.

பிறர் முதுகைப் பார்த்தது போதும். நம் முதுகையும் பார்ப்போம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், திருமண விழாவுக்கு வைத்த அரசியல் பதாகை சரிந்து, இரு சக்கர வண்டியில் வந்த 23 வயதுப் பெண் தண்ணீர் லாரியின் அடியில் விழுந்து மடிந்தாள். 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில் கட்சிக் கொடிக்கம்பம் நட்ட பள்ளிச் சிறுவன் மின்சாரம் தாக்கி மாண்டான். எந்தக் கட்சி, எந்தக் கொடி என்று கேட்காதீர்கள். பெற்ற வயிற்றுக்கு எந்தக் கொடியும் ஒன்றுதான்! அடுத்த வீட்டில் நடந்தால் கொடுமை, நம் வீட்டில் நடந்தால் விபத்து என்று சொல்பவன் பகுத்தறிவாளன் ஆகமாட்டான்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது! 1959ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் திறந்தவெளி இடங்களின் அழகைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. ஆனால், இரவு ரோந்தில் அகப்படுபவர் யார்? அச்சடிக்கப் பணம் கொடுத்தவரா? அடிவரியில் பெயர் போட்டுக்கொண்ட பதினேழு பேரா? வாளியோடு நின்றவர்தான்! ஒட்டச் சொன்னவர் உறங்குகிறார். ஒட்டியவர் காவல் நிலையத்தில் குந்தியிருக்கிறார்! தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருந்தாக வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவு. நல்லது, வரவேற்கிறோம். ஒட்டியவர் பெயர் எந்தத் தாளில் இருக்கிறது? நம் செலவுக் கணக்கிலாவது இருக்கிறதா? 'ஒட்டுக்கூலி' என்று ஒரு வரி. அதற்கு நேரே ஒரு தொகை. அதிலும் பாதி பாக்கி!

"இந்தத் தொல்லை எதற்கு? சுவரொட்டியையே ஒழித்துவிடலாமே!" என்று மேட்டுக்குடி நண்பர்கள் யோசனை சொல்வார்கள். அவர்களுக்கு ஒன்று கூறுகிறோம். தொலைக்காட்சியில் நிமிடக் கணக்கில் நேரம் வாங்கப் பணமில்லாதவனின் ஏடு இந்தச் சுவர். ஆலைத் தொழிலாளி வேலைநிறுத்த அறிவிப்பை எதில் எழுதுவான்? பட்டு மெத்தையிலா? எட்டுத் துண்டுத் தாள் எவர் தலையிலும் விழுந்து எவரையும் கொன்றதில்லை. சுவருக்கு உரியவரிடம் இசைவு கேட்டு ஒட்டுங்கள். அடுத்தவர் ஒட்டியதன் மேல் ஒட்டாதீர்கள். தாள் வேறு, இரும்பு வேறு. பொறியாளர் பார்வை இல்லாமல், அனுமதி இல்லாமல், மக்கள் நடமாடும் பாதைக்கு மேல் இரும்பை நிறுத்தாதீர்கள். நம் தலைவரின் புகழ், பிறர் தலைமேல் விழுந்துதான் பரவ வேண்டுமா?

ஆகவே தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வேலை தருமுன் கூலியைப் பேசுங்கள். விடியுமுன் கையில் கொடுங்கள். பிரியாணிப் பொட்டலம் விருந்தாகலாம், கூலி ஆகாது. ஏணியைப் பிடிக்கவும் சிறுவர்களை அழைக்காதீர்கள். உயரத்தில் வேலையென்றால் இடுப்பு வார், தலைக்கவசம், பழகிய ஆள், பகல் வெளிச்சம் ஆகிய நான்கும் வேண்டும். மின்கம்பி அருகே இருந்தால் அந்த இடமே வேண்டாம். காற்று வீசும் நாளில் எவரையும் மேலே ஏற்றாதீர்கள். விழா ஒரு நாள் தள்ளிப் போகலாம், போன உயிர் திரும்பாது. விழா முடிந்தால் நீங்களே இறக்குங்கள். இறக்கும் கூலியையும் முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். வழக்கு வந்தால், ஒட்டச் சொன்ன நீங்கள் போய் நில்லுங்கள். 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் வழியே நல வாரியங்கள் வந்தன. உங்கள் சுவரில் ஒட்டுகிறவரிடம் உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று ஒரு முறையாவது கேட்டீர்களா? இல்லையென்றால், ஒரு பகல் வேலையை விட்டு அவரோடு நடந்து போய் அதற்கு விண்ணப்பம் கொடுங்கள். நூறு சுவரொட்டி பேசாததை அந்த ஒரு நாள் பேசும்!

அந்தப் பெரியவர் அன்று நாம் ஒட்டிய தாளை மெல்ல உரித்தெடுத்தார், கிழியாமல் எடுத்தார், நூல் பிடித்துத் திரும்ப ஒட்டினார். விடிந்தபோது முகம் நேராக நின்றது. மாநாட்டுக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, "என்ன அருமையான படம்!" என்றார்கள். பெரியவர் காலி வாளியோடு அவர்களுக்கு நடுவேதான் நடந்து போனார். அவர் பெயரை நாமும் அன்று கேட்கவில்லை. அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் இதை எழுதுகிறோம்.

அடுத்த முறை உங்கள் தெருவில் சுவரொட்டி நேராக நின்றால், "ஒட்டியவர் யார்?" என்று கேளுங்கள். கோணலாக நின்றால், கேட்குமுன் அவருக்குக் கூலி கொடுத்தாயிற்றா என்று பாருங்கள்!