சேலத்து ஆறும் பூம்புகார்க் கடலும்

சேலத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு.

சேர்வராயன் மலையில் பிறக்கிறது திருமணிமுத்தாறு. சேலம் நகருக்குள் வந்ததும் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமக்கிறது. நாமக்கல் மாவட்டம் வழியாகப் போய்க் காவிரியில் கலக்கிறது. காவிரியோ பூம்புகாரில் கடலைச் சேர்கிறது. வெள்ளக் காலத்தில் நம் ஊர் அழுக்கும் கூடவே போகிறது. அங்கே வலை வீசிப் பிழைக்கும் மீனவர் என்ன பாவம் செய்தார்?

தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவைத்தான் மீன்கள் சுவாசிக்கின்றன. அழுக்கு மக்கும்போது அந்த வாயு செலவாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் இப்படிச் செலவாகிறது என்று விஞ்ஞானிகள் அளக்கிறார்கள். 3-க்கு மேல் போனால் ஆறு கெட்டுவிட்டது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு. 2018-ல் வெளிவந்த கெட்டுப்போன ஆறுகளின் பட்டியலில் திருமணிமுத்தாறும் இருந்தது.

அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான், ஆறுகளைச் சீராக்கத் திட்டம் போடுங்கள் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதே ஆண்டு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. விஞ்ஞானி அளந்தார்; உத்தரவு பிறந்தது. இதுதான் சரியான வழி.

ஆனால், அளவு காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது. மாதந்தோறும் ஆற்றங்கரையில் ஒரு பலகையில் அதை எழுதி வைக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் படிக்கட்டும்; கவுன்சிலரைக் கேட்கட்டும்.

நாடி பார்ப்பது மருந்து கொடுப்பதற்குத்தானே!