ஒற்றைப் பொருளும் மனப்பாடமும்

பொருள்நோக்கு நிரலாக்கம் பயிலும் மாணவரிடம் வடிவமைப்பு உத்தி ஒன்றினை எழுதுக என்றால், பலரும் 'சிங்கிள்டன்' எனப்படும் ஒற்றைப்பொருள் உத்தியையே எழுதுவர். பத்து வரிகளில் முடிந்துவிடும், மனப்பாடத்திற்கும் எளிது. அவ்வெளிமையே அதன் தீங்கு என்பது என் கருத்து.

காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசைட்ஸ் என்னும் நால்வர் 1994இல் தொகுத்தளித்த 23 உத்திகளுள் இஃதும் ஒன்று. ஓர் இனக்குழுவிற்கு ஒரே பொருள்தான் உண்டாதல் வேண்டும். அதனை எவ்விடத்தினின்றும் அடைதல் வேண்டும். ஆகவே ஆக்கியைப் பிறர் அழைக்கவியலாதபடி மறைத்து, ஒரு செயற்கூற்றின் வழியே பொருளை வழங்குவர். பொருள் இல்லையெனில் ஆக்கும். இருப்பின் அதனையே தரும்.

தேர்வுத்தாள் இவ்வளவில் நிறைவடைகிறது. சிக்கல் ஈண்டுதான் தொடங்குகிறது. இரண்டு இழைகள் ஒரே கணத்தில் 'பொருள் இல்லை' எனக் கண்டால், தனித்தனியே ஒவ்வொன்றை ஆக்கிவிடும்; ஒற்றை இரட்டையாகும். செயற்கூறு முழுமைக்கும் பூட்டிட்டால் ஒவ்வோர் அழைப்பும் அப்பூட்டைக் கடந்தாக வேண்டும். எனவே பூட்டுமுன் ஒருமுறையும் பூட்டியபின் ஒருமுறையும் சோதிக்கும் முறை தோன்றிற்று. ஜாவாவில் அதுவும் தவறிற்று. முற்றுப்பெறாத பொருளை மற்றோர் இழை காண அம்மொழியின் பழைய நினைவக விதிகள் இடமளித்தன. 2004இல் வெளியான ஜாவா 5 அவ்விதிகளைத் திருத்திய பின்னரே, 'வாலடைல்' என்னும் குறிப்புச்சொல்லின் துணையோடு அம்முறை செம்மையுற்றது. இத்துணை அல்லலும் வேண்டா. இனக்குழு தொடக்கநிலை பெறும்போதே பொருளை ஆக்கிவிட்டால், அது ஒருமுறையே நிகழும் என்பதற்கு ஜாவாவே பொறுப்பேற்கிறது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. எங்கிருந்தும் எட்டத்தக்க பொருளை எவரும் மாற்றலாம். மாற்றியவர் யாரென்பது எளிதிற் புலப்படாது. நிரலின் ஒரு பகுதியைத் தனித்துச் சோதிக்கும்போது, முந்திய சோதனையின் எச்சம் தங்கி முடிவைத் திரிக்கும். தொடக்கத்தில் ஒன்றை மட்டும் ஆக்கி, வேண்டும் பகுதிகளுக்கெல்லாம் ஆக்கியின் வழியே அதனை வழங்கினால் இத்தொல்லை பெரிதும் குறையும். (இணையற்ற ஒருமை இறைவனுக்கே உரியது. ஒரே அச்சுப்பொறி என நம்பி நிரல் எழுதிய அலுவலகத்திற்கு மறுஆண்டே மற்றொன்று வந்து சேரும்!) நால்வருள் ஒருவரான எரிக் காமாவே, 2009இல் அளித்த நேர்காணலில், இவ்வுத்தியைத் தொகுப்பினின்று நீக்க விரும்புவதாகக் கூறினார்.

வெண்பாவின் ஈற்றடி முச்சீராய் வரும் என அறிந்த அனைவரும் புலவராகிவிடுவதில்லை. எனவே வினாவை மாற்றுவோம். நூலகப் பதிவேட்டிற்கான நிரல் ஒன்றைத் தந்து, இதற்கு ஒற்றைப்பொருள் வேண்டுமா, வேண்டாவா எனக் காரணத்துடன் எழுதச் சொல்லலாம். விடை எதுவாயினும், காரணம் செம்மையாயின் முழு மதிப்பெண் வழங்கலாம்.