வேகத்திற்கும் ஓர் இடம் உண்டு

"வேகம் வேண்டுமா, வேண்டாமா?" என்று நம் இல்லங்களில் கேட்டுப் பாருங்கள். அண்ணன்மார் "வேண்டும்" என்பர். அன்னையர் "வேண்டவே வேண்டாம்" என்பர். இருசாராரும் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. "எங்கே?" என்பதே அது.

தோழியரே! நம் மண்ணோடு உறவுடைய ஒரு மோட்டார் சைக்கிளைக் கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம். ஓசூர், 2004-ஆம் ஆண்டு வரை நமது தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அவ்வாண்டு பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் தனியே பிரிந்தபோது ஓசூரும் அதனுடன் சென்றது. இருவர் அமர்ந்து செல்லத்தக்க 'டி.வி.எஸ். 50' என்ற மொபெட் 1980-இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. பால்காரர் முதல் பள்ளி ஆசிரியர் வரை பலரைச் சுமந்த எளிய வண்டி அது. அதே குடும்பத்தைச் சேர்ந்த நிறுவனம் 1982 முதல் ஒரு பந்தயப் பிரிவையும் நடத்தி வருகிறது. அப்பிரிவின் அனுபவத்தைக் கொண்டு 2021 டிசம்பரில் அது அறிவித்த வண்டியே 'அப்பாச்சி ஆர்.டி.ஆர். 165 ஆர்.பி.' ஆகும். மொத்தம் 200 வண்டிகள் மட்டுமே என்று அறிவிக்கப்பட்டது. விலை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபாய்.

இதில் அப்படி என்ன புதுமை? இதன் எஞ்சின் 164.9 சி.சி. கொள்ளளவு உடையது. நம் நாட்டின் தேசியப் பந்தயங்களில் 165 சி.சி. வரையிலான வண்டிகளுக்கென்று ஒரு பிரிவு உண்டு. அந்த எல்லையைத் தொட்டும் தொடாமலும் இது நிற்கிறது. சிலிண்டரின் தலைப்பகுதியை மாற்றி, வால்வுகளைப் பெரிதாக்கி, 19.2 குதிரைத் திறனை எட்டினார்கள். அக்காலத்தில் கடையில் கிடைத்த 160 சி.சி. அப்பாச்சியின் திறன் 17.63. அதாவது, இத்தனை பாடும் ஒன்றரைக் குதிரைத் திறனுக்காகத்தான்! பின் சக்கரத்திற்கு 240 மில்லிமீட்டர் டிஸ்க் பிரேக்கும் பொருத்தினார்கள். விளக்கு, ஹாரன், எண் பலகை ஆகிய அனைத்தும் இருப்பதால் இதைச் சாலையிலும் ஓட்டலாம்.

பந்தய வண்டியைச் சாலைக்கு ஏன் அனுப்ப வேண்டும்? சிலவகைப் பந்தயங்களில், பொதுமக்களுக்கு விற்கப்படும் வண்டியே போட்டியிட வேண்டும் என்பது விதி. ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1987-இல் 'ஆர்.சி.30' என்ற 748 சி.சி. வண்டியைப் படைத்து விற்பனைக்கு விட்டது இதன் பொருட்டே. 1988-இல் தொடங்கிய உலக சூப்பர்பைக் போட்டியின் முதல் பட்டத்தை அமெரிக்கரான பிரெட் மெர்க்கல் அவ்வண்டியில்தான் வென்றார்.

இத்தகைய வண்டிகளைச் சாலையில் விற்பதே தவறு என்று பெரியோர் சிலர் வாதிடுகின்றனர். அவர்களது அச்சம் நியாயமானதே. பந்தயத்தின் பெயரைச் சூட்டி விற்கும்போது, வாங்குகிறவன் மனத்தில் பந்தய ஆசை எழாமல் இருக்குமா? ஆயினும், தடை தீர்வாகாது என்பதே என் கருத்து. சாதாரண வண்டியும் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் காலம் இது. திருத்தப்பட வேண்டியது வண்டியன்று. இடத்தைப் பற்றிய நம் அறிவு.

பந்தயத் தடத்தை எண்ணிப் பாருங்கள். சென்னைக்கு அருகே சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்கள், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் இதற்கென்றே அமைத்த தடத்தில் நடைபெற்று வருகின்றன. அங்கே எல்லோரும் ஒரே திசையில் செல்கின்றனர். தலைக்கவசமும் தோலாடையும் கட்டாயம். கொடி காட்டுவோரும் மருத்துவ ஊர்தியும் ஆயத்தமாக நிற்பர். நம் தொப்பூர் கணவாயில் என்ன இருக்கிறது? இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் தடுமாறும் லாரியும், பேருந்தும், குழந்தையுடன் சாலையைக் கடக்கும் தாயும் இருக்கின்றனர். அங்கே பந்தயம் விடுபவன் வீரனல்லன்.

சிறு கணக்கு ஒன்று. 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். வேகம் இரட்டித்தால் அதை நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது நாம் இயற்பியல் வகுப்பில் படித்ததே. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அறுபதுக்குப் பதில் எண்பதில் சென்றால் மிச்சமாவது பதினொரு நிமிடம். அந்தப் பதினொரு நிமிடத்திற்கு ஓர் உயிர் ஈடாகுமா?

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். கியர் வண்டி ஓட்ட 18 வயது நிரம்ப வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. பின்னால் அமர்ந்து வரும் நமக்கும் தலைக்கவசம் கட்டாயம். பூ வாடுமே என்று அதை ஒதுக்கும் தோழியர் இதை மனத்திற் கொள்க!

"பெண்களுக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பாரும் உளர். பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே என்ற மங்கை, 2019-இல் பாஹா உலகக் கோப்பையின் மகளிர் பிரிவை வென்று, மோட்டார் விளையாட்டில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். ஆடவரும் அதுவரை அடையாத சிறப்பு அது! அவர் அந்த ஓசூர் நிறுவனத்தின் பந்தயக் குழுவைச் சேர்ந்தவர். ஓட்டுவது மட்டுமா? ஒன்றரைக் குதிரைத் திறனுக்காக வால்வைச் செதுக்கும் பொறியியலும் நமக்கு உரியதே. அண்ணனுக்கு வண்டி வாங்கித் தரும் இல்லம், தங்கைக்கு அதன் எஞ்சினைப் பற்றிப் படிக்கவாவது வழிசெய்யலாகாதா?

இருநூறு வண்டிகளில் ஒன்று நம் ஊர்த் தெருவில் ஒருநாள் வந்து நிற்கலாம். அதன் அழகைக் கண்டு வியப்போம். அதன் அமைப்பைக் கேட்டறிவோம். ஆனால், நம் உடன்பிறந்தார் அதில் ஏறி அமரும்போது அதன் திறனைப் புகழுமுன் அதன் பிரேக்கை நினைவூட்டுவோம். வேகத்திற்கு உரிய இடம் தடம்; சாலைக்கு உரியது நிதானம். பதறாத காரியம் சிதறாது!