இல்லமும் கருவியும்: ஓசை பெரிதா, சொல் பெரிதா?

திருப்பதிக்கும் புத்தூருக்கும் இடையே, சென்னை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது வடமாலபேட்டை. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் எல்லை மாற்றம் நடைமுறைக்கு வந்தபோது, திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வடமாலபேட்டை ஆந்திரத்திலேயே நின்றது. அதற்கு முன்பே அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. பிழைப்பை நாடிப் பின்னர் வந்து சேர்ந்த குடும்பங்களும் உண்டு. இவ்விரு வகை இல்லங்களிலும் நிலைமை ஒன்றே. வீதியில் தெலுங்கு, பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும், கடையில் இரண்டும் மூன்றும் கலந்த பேச்சு. வீட்டு வாயிலைக் கடந்து உள்ளே வந்த பின்னரே தமிழ். எழுத்தறியாத தமிழ்ப் பிள்ளைகள் பெருகிவரும் இத்தகைய ஊர்களில், நம் மொழி செவி வழியாகவே வாழ்கிறது எனலாம்.

ஆதலால் தொலைக்காட்சியை வெறும் பொழுதுபோக்குக் கருவி என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. அண்டை வீட்டாரோடு உரையாட மொழி தெரியாத முதியவளுக்கு அது துணை. தமிழ்ப் பள்ளி காணாத சிறுவனுக்கு அது ஆசான். இன்று பல இல்லங்களில் அகன்ற திரை இருக்கிறது. அதன் இரு மருங்கிலும் ஸ்பீக்கர்ப் பெட்டிகள் இருக்கின்றன. ஆயினும், “இப்போது என்னப்பா சொன்னான்?” என்ற கேள்வி ஓயவில்லை. பேச்சு விளங்கவில்லையென்று ஒலியைக் கூட்டினால், அடுத்து வரும் சண்டைக் காட்சியில் சன்னல்கள் அதிர்கின்றன. அஞ்சிக் குறைத்தால், பேச்சு மீண்டும் மறைந்துவிடுகிறது. இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்த்த பாட்டி, பிறருக்குத் தொல்லை தருவானேன் என்று எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறாள். பேரனோ திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துக் கதையைத் தெரிந்துகொள்கிறான். இருவருக்கும் இடையில் தமிழ் நழுவிப் போகிறது. இக்குறையைச் சிறு செலவில் நீக்கும் வழியையே இத்திங்கள் எடுத்துக்கொண்டோம்.

முதலில், குறை எங்கே இருக்கிறது என்பதை ஆராய்வோம். நம் முன்னோர் எழுத்துகளை உயிர் என்றும் மெய் என்றும் வகுத்தனர். பேச்சில் உரத்து ஒலிப்பது பெரும்பாலும் உயிரெழுத்தே. சொல்லைச் சொல்லினின்று பிரித்துக் காட்டுவதில் பெரும்பங்கு மெய்யெழுத்துக்கு உரியது. ‘படம்’ என்பதையும் ‘பழம்’ என்பதையும் வேறாக்குவது நடுவில் நிற்கும் மெய்யொலி ஒன்றே. உயிரொலியின் வலிமை தாழ்ந்த அதிர்வுகளில் மிகுதி. மெய்யொலியின் நுட்பங்களோ நொடிக்கு ஏறத்தாழ 2,000 முதல் 4,000 வரையிலான அதிர்வுகளிலும் அதற்கு மேலும் பெரிதும் அமைந்துள்ளன. பழைய தொலைபேசிக் கம்பி 300 முதல் 3,400 அதிர்வு வரையிலான ஒலியை மட்டுமே கொண்டுசென்றது. அதனினும் பேச்சு விளங்கியது. பேச்சுக்கு வேண்டுவது இடிமுழக்கம் அன்று, இந்த நடுப்பகுதியின் தூய்மையே என்பது இதனால் தெளிவாகிறது. முதுமையில் காது முதலில் இழப்பதும் உயர்ந்த அதிர்வுகளையே. எனவேதான் முதியோர், “சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை” என்கின்றனர். அவர்கள் சொல்வது முற்றிலும் உண்மை.

அடுத்து, கடைகளில் காணும் ஒரு மயக்கத்தைப் பற்றிக் கூறவேண்டும். பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கான ‘வாட்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அருகே ‘பி.எம்.பி.ஓ.’ என்று சிறிய எழுத்தில் இருந்தால், அவ்வெண்ணைப் பொருட்படுத்த வேண்டா. அது நிலையான அளவுமுறைக்கு உட்பட்டதன்று. ‘ஆர்.எம்.எஸ்.’ என்று குறித்த எண்ணையே நோக்குதல் வேண்டும். அதிலும், ஆற்றலை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். காதுக்கு ஒலி இரட்டித்ததாகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஆகவே 50 வாட் கருவியை விற்று 100 வாட் கருவி வாங்குபவர், பணம் கொடுத்த அளவுக்குப் பயன் பெறமாட்டார். கலங்கிய நீரை மேலும் ஒரு குடம் ஊற்றினால் அது தெளிந்துவிடாது.

பேச்சு எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதும் முக்கியமானது. 1931-இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ தமிழின் முதல் பேசும் படமாகப் போற்றப்படுகிறது. எச். எம். ரெட்டி இயக்கிய அப்படத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலித்தன. எல்லைப்புற மக்களாகிய நமக்கு அது பொருத்தமான தொடக்கமே. அக்காலத்தும் அதன்பின் நெடுங்காலமும் படத்தின் ஒலி முழுவதும் ஒரே தடத்தில் பதிவாயிற்று. பேச்சும் பாட்டும் ஒரே வழியில் வரவேண்டியிருந்தமையால், பேச்சுக்கு முதலிடம் கொடுத்துப் பதிந்தனர். நடிகரும் நாடக மேடையில் பழகிய நாவினர். சித்தூர் வி. நாகையா நடித்த ‘மீரா’வோ (1945), ‘பராசக்தி’யோ (1952) இன்று சிறிய பெட்டியில் ஒலித்தாலும் சொற்கள் விளங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றைய படங்களின் அமைப்பு வேறு. 1933-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள், பிலடெல்பியா நகரில் நிகழ்ந்த இசையை, பெல் ஆய்வுக்கூடத்தார் மூன்று தனிக் கம்பித் தடங்களின் வழியே வாஷிங்டன் நகர அரங்குக்கு அனுப்பிக் காட்டினர். இடம், வலம் என்னும் இரண்டோடு நடுவிலும் ஒரு பெட்டி வைத்தனர். பிற்காலத் திரையரங்குகளிலும் நடுப்பெட்டி நிலைபெற்றது. இப்போது ‘5.1’ எனப்படும் முறையில் முன்னே மூன்று பெட்டிகள், பக்கத்திலோ பின்னேயோ இரண்டு, தாழ்ந்த ஓசைக்கென ‘சப்வூஃபர்’ ஒன்று என ஆறு இருக்கின்றன. உரையாடலின் பெரும்பகுதி இவற்றுள் நடுப்பெட்டிக்கே அனுப்பப்படுகிறது. இந்த ஒன்று பழுதானாலும், மறைந்திருந்தாலும், இல்லாமலே போனாலும், மற்ற ஐந்தும் சேர்ந்து முழங்கினும் பேச்சு விளங்காது. குறையின் வேர் பல வீடுகளில் இதுவே.

இனி நீக்கும் வழிகளைக் காண்போம். செலவில்லாத வழிகளை முதலில் முடித்துவிட்டே பணப்பையைத் திறக்க வேண்டும் என்பது நம் கருத்து.

முதலாவது, கருவியின் அமைப்பு. வீட்டில் இரண்டு பெட்டிகளே இருக்குமானால், தொலைக்காட்சியிலோ செட்டாப் பெட்டியிலோ ஒலி வெளியீட்டை ‘ஸ்டீரியோ’ அல்லது ‘பி.சி.எம்.’ என்று மாற்றுக. ஆறு தடங்களை வெளியிடும்படி விட்டிருந்தால், நடுத்தடத்துப் பேச்சு போய்ச் சேர இடமின்றி மெலிந்துவிடுவதுண்டு. நடுப்பெட்டி இருக்குமானால், அதன் அளவை மட்டும் 3 டெசிபல் உயர்த்திப் பார்க்கலாம். சப்வூஃபரைச் சிறிது தாழ்த்தலாம். இரவு நேரத்துக்கென உள்ள ‘நைட் மோட்’ என்னும் அமைப்பு உரத்த ஓசையை அடக்கி மெல்லிய ஓசையை உயர்த்தும். சண்டைக்கும் பேச்சுக்கும் இடையே ரிமோட்டோடு போராடுவது அதனால் குறையும்.

இரண்டாவது, கம்பி இணைப்பு. சிவப்பு முனை சிவப்போடும், கறுப்பு முனை கறுப்போடும் இரு பெட்டிகளிலும் ஒன்றுபோல் இணைந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பெட்டியில் மட்டும் மாறியிருந்தால், திரையின் நடுவே நிற்க வேண்டிய குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சிதறிப் போகும்.

மூன்றாவது, பெட்டியை வைக்கும் இடம். அலமாரியின் உட்புறத்தில், பொம்மைகளுக்கும் படங்களுக்கும் பின்னால் பெட்டியை ஒளித்து வைப்பது பலரது வழக்கம். அதை அலமாரியின் முன் விளிம்புக்குக் கொண்டுவருக. உட்கார்ந்திருப்பவரின் காதை நோக்கி இருக்குமாறு, தாழ்ந்திருந்தால் ஒரு சிறு கட்டையை முன்புறத்தில் அடிகொடுத்து நிமிர்த்துக. முதியோரின் நாற்காலியைச் சிறிது முன்னே நகர்த்துவதும் நன்று. திறந்த வெளியில் தொலைவு பாதியானால் ஒலி 6 டெசிபல் உயரும். அறைக்குள் அவ்வளவு இல்லையெனினும் பயன் உண்டு. அத்துடன் எதிரொலியை விட நேரொலி மிகுந்து கேட்கும்.

நான்காவது, அறை. சிமெண்டுச் சுவரும் வழவழப்பான டைல்ஸ் தரையும் ஒலியைத் திருப்பி அடிக்கின்றன. ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் விழுந்து அதை மறைக்கிறது. தரையில் கனத்த ஜமக்காளம் ஒன்றை விரித்து, சன்னலுக்கு மடிப்பு மிகுந்த கனத்த திரை தொங்கவிட்டால் இது பெரிதும் தணியும். நகரியும் புத்தூரும் நெசவுக்குப் பெயர் பெற்றவை; ஆகவே துணிக்காக நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மின்விசிறியின் இரைச்சலையும் மறத்தலாகாது. வெயில் காலத்தில் அதை நிறுத்தச் சொல்ல நமக்கு மனமில்லை. கடகடவென்று ஓசையிடும் விசிறியைச் சீர்செய்துகொள்ளலாம் அன்றோ?

இவையனைத்தும் செய்து ஒரு வாரம் கேட்ட பின்னரும் குறை நீங்கவில்லையாயின் வாங்கலாம். வாங்குவதிலும் முறை உண்டு. முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டியதில்லை. நடுப்பெட்டியைத் தனியே இணைக்க இடமுள்ள ஆம்ப்ளிபையர் இருக்குமானால், அந்த ஒன்றை மட்டும் நல்லதாக வாங்கினால் போதும். முன்புறத்து மற்ற இரண்டின் குரலோடு ஒத்துப்போவதாக அது இருத்தல் வேண்டும். ஏதும் இல்லாத இல்லத்தார், குறைந்த விலையில் ஆறு பெட்டிகள் வாங்குவதினும், அதே தொகைக்கு நல்ல பெட்டிகள் இரண்டும் எளிய ஸ்டீரியோ ஆம்ப்ளிபையர் ஒன்றும் வாங்குவது மேல். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நேராக அமர்பவருக்குக் குரல் திரையிலிருந்தே வருவதுபோல் தோன்றும். இடம் குறைந்த வீட்டார் சவுண்ட்பார் வாங்குவதாயின், பேச்சுக்கென நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ளதா என்று கேட்டு வாங்குக.

பழைய பெட்டியை இகழ வேண்டா. சென்னை ரிட்சி தெரு போன்ற இடங்களில் பழுதுபார்க்கும் தொழிலாளர் இருக்கின்றனர். ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள நுரைவளையம் நாளடைவில் பொடிந்துபோகும். அதை மட்டும் மாற்றிப் பெட்டியை மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் ஆம்ப்ளிபையரின் பின்புறத்தில் எத்தனை ‘ஓம்’ என்று குறித்துள்ளதோ, அதற்குக் குறைந்த பெட்டியை இணைத்தலாகாது; கருவி சூடேறிக் கெடும். விலை மிகுந்த கம்பிகளும் வேண்டா. ஒரு கூடத்தின் தொலைவுக்கு நல்ல செம்புக் கம்பியே போதுமானது.

கடையில் சோதிக்கும் முறையும் ஒன்று உண்டு. விற்பவர் பெரும்பாலும் அதிரும் பாட்டையே போட்டுக் காட்டுவார். நாம் தமிழ்ச் செய்தி வாசிப்பையோ, இருவர் மெல்லப் பேசும் காட்சியையோ போடச் சொல்லவேண்டும். ஒலியைத் தாழ்த்திக் கேட்க வேண்டும். தாழ்ந்த ஒலியிலும் லகர ளகர ழகரங்கள் தனித்தனியே விளங்கினால் அப்பெட்டி வீட்டுக்கு ஏற்றது. கூடுமாயின் முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இளங்காதுக்கு விளங்குவது எல்லாக் காதுக்கும் விளங்கும் என்பதில்லை.

இவ்வளவுக்குப் பின்னும் ஒருவருக்கு மட்டும் சொல் விளங்கவில்லையெனில், அது பெட்டியின் குறையன்று. காது மருத்துவரிடம் காட்டுவதே முறை. கண்ணாடி அணிவதில் நாணாத நாம், செவிக்கருவி அணிவதில் நாணுவது பொருந்தாது.

வந்த இடத்தில் வளமாக வாழ்வது சிறப்பே. வந்த இடத்திலும் நம் சொல் நம் வீட்டில் தெளிவாக ஒலிப்பது அதனினும் சிறப்பு. நகைச்சுவைக் காட்சி வரும்போது வீட்டிலுள்ள மூத்தவரும் இளையவரும் ஒரே நொடியில் சிரிக்கின்றனரா என்று பாருங்கள். அவ்வாறு சிரித்தால் செலவிட்ட பணம் வீணாகவில்லை என்று கொள்ளலாம்.