கார்பன் சைக்கிள் சேர்ப்போருக்கு ஒரு சொல்

பழைய பொருள்களைச் சேர்த்து வைப்பதில் நம்மவர்களுக்கு என்றுமே ஆசை உண்டு. வெண்கல உருளி, பித்தளைக் குத்துவிளக்கு, திருவிதாங்கூர்ச் சக்கரம், அஞ்சல் தலை என்று இவ்வூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு சிறு கண்காட்சியே இருக்கும். இப்போது அந்த வரிசையில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 1980களிலும் 1990களிலும் அயல்நாடுகளில் செய்யப்பட்ட கார்பன் இழை ரேஸ் சைக்கிள்களை நம் வீட்டு இளைஞர்கள் சிலர் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புவோர் கொண்டுவந்து விற்பதும் உண்டு. வாங்கியவர் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி, ஞாயிறு விடியற்காலையில் கழக்கூட்டம் – கோவளம் பைபாஸ் சாலையில் ஓட்டிப் பார்க்கிறார்.

இதைப் பற்றி வீடுகளில் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறேன். "காசைக் கரியாக்குகிறான்" என்பது பெரியவர்கள் பேச்சு. "கார்பன் துருப்பிடிக்காது, ஆயுசுக்கும் ஓடும்" என்பது இளைஞர்கள் பேச்சு. இரண்டும் சரியல்ல என்பது என் கருத்து. இந்தச் சைக்கிள்களைச் சேர்க்கலாம். நம் ஊரில் சேர்த்தே ஆக வேண்டும். ஆனால், இரும்புச் சைக்கிளைச் சேர்க்கும் அதே புத்தியோடு இதைச் சேர்த்தால் ஆபத்து. ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறேன்.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன உறவு?

சைக்கிளும் கார்பன் இழையும் நம் திருவனந்தபுரத்தைப்போல் நெருங்கி வாழ்ந்த ஊர் வேறொன்று இருக்குமா என்று எனக்குத் தோன்றவில்லை. 1963 நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் மேலே போயிற்று. புனித மேரி மகதலேனா தேவாலயமே அன்று அலுவலகம். ராக்கெட்டின் முனைப் பகுதியை ஒருவர் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் படத்தைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரசோன் 1960களில் எடுத்த படம் அது. அதே தும்பாவில்தான் நம் இராமேசுவரத்துக்காரர் அப்துல் கலாம், கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்து ராக்கெட் உறுப்புகள் செய்யும் வேலையில் தொடக்க நாள்களிலேயே இறங்கினார். பின்னாளில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் கூட்டுப்பொருள் பிரிவு வட்டியூர்க்காவில் வளர்ந்தது. 2024இல் இந்த மையம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்ட எஞ்சினுக்குக் கார்பன்–கார்பன் முனைக்குழல் ஒன்றைச் செய்துகாட்டியது. எடை பாதிக்கு மேல் குறைந்து, கூடுதலாக 15 கிலோ சுமை ஏற்ற வழி கிடைத்தது.

ஆக, நம் வீட்டுப் பிள்ளைகள் கார்பன் சைக்கிளை ஆசையோடு தடவிப் பார்ப்பதில் வியப்பில்லை. அவர்களில் பலருடைய தகப்பனாரோ மாமாவோ இந்த மையத்தில் வேலை பார்த்தவர்கள். அது அன்னியப் பொருள் என்று ஒதுக்க நமக்கு நியாயமில்லை.

கம்பளிச் சட்டை நூலும் சைக்கிளும்

கார்பன் இழை என்பது என்ன? குளிர்காலத்துக்கு வாங்கும் மலிவான ஸ்வெட்டர் அக்ரிலிக் நூலால் ஆனது. ஏறக்குறைய அதே இனத்து இழையைக் காற்றுப் படாமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கினால், மற்றவை எல்லாம் ஆவியாகிக் கரி மட்டும் இழையாக நிற்கும். தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு பருமன்தான் இருக்கும். இந்த இழைகளை அடுக்கி எப்பாக்சிப் பிசினில் தோய்த்து இறுக்கினால், எஃகின் எடையில் ஐந்தில் ஒரு பங்கே உள்ள, ஆனால் மிக உறுதியான பொருள் கிடைக்கிறது. ஜப்பானில் டோரே நிறுவனம் 1971இல் இதை வணிக அளவில் செய்யத் தொடங்கியது.

சைக்கிளுக்கு இதை முதலில் கொண்டுவந்தவர்களில் ஓர் எண்ணெய்க் கம்பெனியும் உண்டு என்பது வேடிக்கை. 1970களின் நடுவில் எக்ஸான் நிறுவனம் "கிராஃப்டெக்" என்ற பெயரில் ரேஸ் சைக்கிள் விற்றது. பிறகு 1986இல் அமெரிக்கரான கிரெக் லெமாண்ட், லுக் நிறுவனத்தின் கார்பன் குழாய்ச் சைக்கிளில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். அதே ஆண்டில் கெஸ்ட்ரல் என்ற அமெரிக்க நிறுவனம், உலோக இணைப்பே இல்லாமல் முழுதும் கார்பனில் ஆன ஃப்ரேமை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பிரிட்டனின் கிறிஸ் போர்ட்மேன், லோட்டஸ் கார் கம்பெனி செய்த கார்பன் சைக்கிளில் தங்கம் வென்றார். மைக் பரோஸ் என்பவரின் வடிவமைப்பு அது. சைக்கிள் இவ்வளவு இலேசாகிப்போனதால்தான், 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிள் பந்தயத்தில் ஓடக்கூடாது என்று உலகச் சைக்கிள் சங்கம் 2000இல் விதி செய்தது. நம் அப்பாக்கள் மிதித்த ஹெர்குலிஸ் 20 கிலோவுக்குப் பக்கம் இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் சேர்க்க வேண்டும்?

அந்த ஹெர்குலிஸையே எடுத்துக்கொள்வோம். 1949இல் முருகப்பா குடும்பத்தார் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து 1951 முதல் வந்தவை அவை. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் சாலைக் கடைத்தெருவுக்கு வியாபாரத்துக்கு வந்த நம் பெரியவர்கள் துணிமூட்டையையும் பாத்திரக் கட்டையும் அதில்தான் ஏற்றினார்கள். இன்று அவற்றில் எத்தனை மிச்சம்? பெரும்பாலானவை எடைக்கு எடை ஆக்ரிக் கடைக்குப் போய்விட்டன. நகராட்சி தந்த பித்தளை லைசென்ஸ் வில்லையைக்கூட யாரும் எடுத்து வைக்கவில்லை.

இரும்புக்காவது ஆக்ரிக் கடையில் கிலோவுக்கு ஒரு விலை உண்டு. கார்பன் சைக்கிளுக்கு அதுவும் கிடையாது. எப்பாக்சிப் பிசின் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். உருக்கி வேறொன்று செய்ய முடியாது. உடைந்த கார்பன் ஃப்ரேமை எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டார். குப்பைமேடுதான் கதி. ஆகவே, சேர்ப்பவர் இல்லாவிட்டால் இந்தத் தலைமுறைச் சைக்கிள்கள் சுவடில்லாமல் போய்விடும். புனே நகரில் விக்ரம் பெண்ட்சே என்பவர் அமைத்த சைக்கிள் அருங்காட்சியகத்தைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு தனி மனிதரின் பிடிவாதம் ஒரு நாட்டின் சைக்கிள் வரலாற்றையே காப்பாற்றுகிறது. "காசைக் கரியாக்குகிறான்" என்று சொல்லும் பெரியவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இரும்பு சொல்லும், கார்பன் சொல்லாது

இனி இளைஞர்களுக்கு. என் அக்காள் மகன் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான். 1990களின் தொடக்கத்தில் செய்த ஒரு கார்பன் சைக்கிளை வாங்கிவந்தான். கார்பன் குழாய்களை அலுமினிய மூட்டுகளில் பசை வைத்து ஒட்டிய வகை. "மாமா, பெயிண்ட்கூடப் போகலை பாருங்க" என்று பெருமையாகக் காட்டினான். பார்க்க நேற்று வாங்கியதுபோல் இருந்தது. கரமனைப் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்கு அவனை அழைத்துப்போனேன். கடைக்காரர் நம் நாஞ்சில் நாட்டுக்காரர். நாற்பது வருஷமாகக் கோட்டம் எடுப்பவர். அவர் ஒரு ரூபாய்க் காசை எடுத்துக் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங் என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம், கீழ் மூட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் பொத்துப் பொத்தென்று மாறிற்று. அவர் நிமிர்ந்து, "அண்ணாச்சி, இரும்புன்னா பொட்டு விட்டா கண்ணுக்குத் தெரியும், வெல்டு வச்சிரலாம். இது உள்ளுக்குள்ள விட்டிருக்கு. பிள்ளைய இதுல ஏத்தாதீங்க" என்றார்.

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. எஃகு முறிவதற்கு முன் பெரும்பாலும் எச்சரிக்கும்: வளையும், துரு காட்டும், பெயிண்ட் வெடிக்கும், கிறீச்சிடும். கார்பன் அப்படியல்ல. முன்னொரு நாள் கீழே விழுந்து அடிபட்டிருந்தால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். மேலே ஒரு கீறல்கூட இருக்காது. ஓடும்போது ஒரு குழியில் இறங்கினால் முன் ஃபோர்க் ஒரே நொடியில் முறியும். பைபாஸ் சாலையில், பின்னால் லாரி வரும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதிலும் நம் ஊருக்கென்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அதுவும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால், பேட்டரிக்குள் நடப்பதுபோல் ஒரு வினை நடந்து அலுமினியம் அரிக்கப்படும். வெள்ளைப் பொடி பூக்கும்; மூட்டில் பசை விடும்; சீட்டுக் குழாய் உள்ளேயே இறுகிக்கொள்ளும். கார்பன் துருப்பிடிக்காது என்பது உண்மை. அதைப் பிடித்திருக்கும் உலோகம் அரிக்கும் என்பதும் உண்மை. சங்குமுகத்துக் கடற்காற்றும், இடவப்பாதியும் துலா மழையும் என்று ஆண்டில் பாதி நாள் ஈரமும் உள்ள ஊரில் இதை மறக்கலாமா? ஐரோப்பாவில் உலர்ந்த அறையில் முப்பது ஆண்டு நன்றாக இருந்த சைக்கிள், இங்கே மூன்று மழைக்காலத்தில் கெட்டுப்போகக்கூடும்.

மூன்று விதிகள்

ஆகவே, சேர்ப்போருக்கு நான் சொல்வது இதுதான்.

முதலாவது, சோதிக்காத பழைய கார்பன் சைக்கிளில் ஏறக்கூடாது. காசால் தட்டிப் பார்ப்பது முதல் சோதனைதானே தவிர முடிவான சோதனை அல்ல. சத்தம் மாறினால் சந்தேகப்படலாம். மாறாவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை. ராக்கெட் உறுப்பை மீயொலியாலும் எக்ஸ்ரேயாலும் பார்த்த பிறகே பொருத்துகிறார்கள். அது ஆளில்லாமல் ஒரே ஒரு முறை பறப்பது. நம் பிள்ளை ஏறும் சைக்கிளுக்கு அதில் பாதிக் கவனமாவது வேண்டாமா? அப்படிச் சோதிக்க வழியில்லை என்றால், அது பார்ப்பதற்கு உரிய சைக்கிள். ஓட்டுவதற்கு வேறொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கடற்காற்றும் வெயிலும் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். சீட்டுக் குழாயை அவ்வப்போது கழற்றித் துடையுங்கள். கழற்றிப் பூட்டும்போது ஸ்பானரில் இரும்புக்குக் கொடுக்கும் பலத்தைக் கொடுக்காதீர்கள். கார்பன் குழாய் நசுங்காது, நொறுங்கும்.

மூன்றாவது, சைக்கிளுக்கு ஒரு ஜாதகம் எழுதி வையுங்கள். எந்த நிறுவனம், எந்த ஆண்டு, ஃப்ரேம் நம்பர் என்ன, யாரிடமிருந்து வந்தது, எப்போதாவது விழுந்ததா, எந்த உறுப்பு மாற்றப்பட்டது என்று ஒரு நோட்டில் இருக்கட்டும். விற்கும்போது அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். விழுந்ததை மறைத்து விற்காதீர்கள். வாங்குகிறவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். கதை தெரியாத பொருளைச் சேர்த்து வைத்தால் அது பரண் சாமான்தான். நம் தாத்தாக்களின் சைக்கிள்களுக்கு நேர்ந்தது இதுதான். பொருளும் போயிற்று, கதையும் போயிற்று.

என் அக்காள் மகன் இப்போது அந்தச் சைக்கிளைக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறான். பக்கத்தில், தென்காசியில் கிடந்த என் மைத்துனரின் பழைய ஹெர்குலிஸையும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். ஓட்டுவது ஹெர்குலிஸைத்தான். வருகிறவர்கள் இரண்டையும் தூக்கிப் பார்த்து, எடையின் வித்தியாசத்தில் வியந்துபோகிறார்கள்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் கோலப் போட்டியும் பாட்டுப் போட்டியும் நடத்துகிறோம். வரும் ஆண்டில் ஒரு நாள், உறுப்பினர் வீடுகளில் உள்ள பழைய சைக்கிள்களை, இரும்போ கார்பனோ, ஒரே வரிசையில் நிறுத்தினால் என்ன? ஒவ்வொன்றின் கதையையும் ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிடலாம். விண்வெளி மையத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் உறுப்பினர்களை அழைத்து, கார்பன் இழை எப்படி உறுதியாக நிற்கிறது, எப்படி முறிகிறது என்று பிள்ளைகளுக்குத் தமிழில் விளக்கச் சொல்லலாம். பரணில் பழைய சைக்கிள் உள்ளவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஆக்ரிக் கடைக்காரர் வருவதற்கு முன் கொடுங்கள்.