தாயின் நிறையும் சேயின் நிறையும்

சென்ற வாரம் எமக்குக் கிடைத்த கடிதங்களுள் சாம்பல்தீவிலிருந்து வந்த ஒன்று எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர், இரண்டாவது மகவைப் பெற்று மூன்று திங்கள் நிறைந்த ஓர் இளந்தாய். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கிறார்; வெளியிடவில்லை. ஆயினும் அவருடைய நிலை அவர் ஒருவருக்கு மாத்திரம் உரியதன்று ஆதலால், கடிதத்தின் சாரத்தை இங்கே தருகிறோம்.

கருவுறுவதற்கு முன்னர் அச்சகோதரியின் நிறை 58 கிலோ. பிரசவத்தின் பின் அது 73 கிலோவில் நின்றது. இன்னும் இரண்டு மாதத்தில் கணவரின் தம்பிக்குத் திருமணம். பட்டுச்சேலைக்கெனத் தைத்து வைத்திருந்த சட்டை கையிலேயே ஏறவில்லை. தாயாரோ, "பால் கொடுக்கிற பிள்ளை வயிறு வாடக் கூடாது" என்று பயற்றம் உருண்டையும் நெய்யும் நல்லெண்ணெயுமாக ஊட்டுகிறார். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசும் ஒன்றுவிட்ட அக்காவோ, "சோற்றை அடியோடு விட்டுவிடு, ஒரே மாதத்தில் பழைய உருவம் வந்துவிடும்" என்கிறார்.

இவர் அக்காவின் சொல்லைக் கேட்டார். மூன்று வாரமாக நண்பகலில் மட்டும் சிறிது உணவு; காலையும் இரவும் வெறுந் தேநீர். நிறை 69 கிலோவாக இறங்கியது. ஆனால் ஒரு நாள் காலை கிணற்றடியில் கண் இருண்டு சாய்ந்துவிட்டார். அந்த மாதம் கிளினிக்கில் பிள்ளையை நிறுத்தபோது 300 கிராம் மாத்திரமே கூடியிருந்தது. அரைக் கிலோவுக்கு மேல் கூடவேண்டிய வயது அது. வளர்ச்சி அட்டையைப் பார்த்த மருத்துவமாதுவின் முகம் வாடியதைக் கண்டு, இரவெல்லாம் உறக்கமின்றிக் கிடந்ததாக எழுதுகிறார். "நான் யார் சொல்லைக் கேட்பது?" என்பதே அவர் வினா.

சகோதரி, தாயார் சொல்லிலும் பாதி உண்மை உண்டு. அக்கா சொல்லிலும் பாதி உண்மை உண்டு. பாலூட்டும் தாய் பட்டினி கிடத்தலாகாது. அது தாயார் கூறும் உண்மை. கூடிய நிறை குறையத்தான் வேண்டும். அது அக்கா கூறும் உண்மை. எப்பொழுது, எவ்வளவு, எவ்வாறு என்பதில்தான் இருவரும் தவறினர்.

உடல் வைத்த சேமிப்பு

கர்ப்ப காலத்தில் உடலிற் சேரும் கொழுப்பு வீணாக வந்ததன்று. பிறக்கப்போகும் மகவுக்குப் பால் சுரப்பதற்கென இயற்கை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் களஞ்சியம் அது. பிள்ளையும் நஞ்சுக்கொடியும் பனிக்குட நீரும் வெளிப்படுவதனால், பிரசவத்தோடு ஏறக்குறைய 5 முதல் 6 கிலோ வரை குறைந்துவிடும். பிரசவித்த வேளையில் ஏறத்தாழ 1 கிலோவாக இருக்கும் கருப்பை, ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே சுருங்குகிறது. பிள்ளை வாய்வைத்துப் பாலருந்தும் ஒவ்வொரு முறையும் அச்சுருக்கத்துக்குத் துணை செய்கிறது.

எஞ்சிய சேமிப்பு பாலாக மாறிச் செலவாக வேண்டும். தாய்ப்பாலை மட்டுமே அருந்தும் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 மில்லிலீற்றர் பால் வேண்டும். அதனுள் அடங்கும் சக்தி சுமார் 500 கலோரி. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் விரைந்து நடப்பதற்குச் செலவாகும் சக்தி அது! ஆகவே பாலூட்டுகின்ற தாய், இருந்த இடத்திலிருந்தே நிறையைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள். அச்செலவை ஈடுசெய்வதற்கு மேலாக நாம் இனிப்பும் எண்ணெயும் ஏற்றும்போதுதான் களஞ்சியம் குறையாமல் நிற்கிறது.

விரைவு ஏன் ஆகாது?

சற்றே குறைவாக உண்டவுடன் பால் வற்றிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. வறுமையில் வாடும் தாயின் உடலும் தன்னை உருக்கிப் பிள்ளைக்குப் பால் தருகிறது. இதை அறிந்துதான் பலர் துணிகின்றனர். ஆனால் அதற்கு விலை உண்டு. தாயின் இரும்புச்சத்தும் கல்சியமும் கரைகின்றன, தலை சுற்றுகிறது, மனம் சோர்கிறது. சோர்ந்த தாய் ஒருவேளை பாலூட்டலைத் தவிர்த்துப் புட்டிப் பாலைக் கொடுக்கிறாள். பிள்ளை உறிஞ்சுவது குறையக் குறையப் பால் சுரப்பதும் குறைகிறது. உணவை அளவுக்கு மிஞ்சிக் குறைத்தாலோ, சுரப்பே நேராகத் தாழவும் கூடும். மாவுணவை அடியோடு நீக்கிய பாலூட்டும் தாய்மாருட் சிலர், குருதியில் அமிலம் மிகுந்து ஆபத்தான நிலையில் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட செய்திகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன.

ஆயினும் நிதானமாகக் குறைப்பதனால் பிள்ளைக்குத் தீங்கில்லை என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் நடைபெற்ற ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நிறை மிகுந்த, தாய்ப்பால் மட்டுமே ஊட்டிய 40 தாய்மார் அதிற் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினர் பிரசவித்து நான்கு வாரமான பின், நாளுணவில் 500 கலோரியைக் குறைத்து, வாரத்தில் நான்கு நாள் உடற்பயிற்சியும் செய்தனர். பத்து வாரத்தில் அவர்களது நிறை ஏறத்தாழ 5 கிலோ, அதாவது வாரத்துக்கு அரைக் கிலோ, குறைந்தது. அவர்களுடைய பிள்ளைகளும் மற்றப் பிரிவினரின் பிள்ளைகளும் ஒரே விதமாக வளர்ந்தனர்.

அந்த அரைக் கிலோவே எல்லைக்கோடு. அவர்கள் வைத்தியரின் கண்காணிப்பில் இருந்தவர்கள். ஏனையோர் முதல் ஆறு வாரமும் நிறையைப் பற்றிய எண்ணத்தையே விட்டுவிட்டு, உடல் தேறவும் பால் நிலைபெறவும் இடங்கொடுப்பதே நன்று. அதன் பின்னரும் நாளுணவு 1800 கலோரிக்குக் கீழே இறங்காதிருத்தல் நலம். 1500க்குக் கீழே ஒருபோதும் ஆகாது.

இக்கடிதம் எழுதிய சகோதரியோ மூன்று வாரத்தில் நாலு கிலோவை இழந்தார். எல்லையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான வேகம்!

எமது அடுக்களையில்

உணவைக் குறைக்க வேண்டாம், ஒழுங்குபடுத்தினாற் போதும். காலையிற் சிவப்பரிசிப் புட்டோ குரக்கன் புட்டோ, அவித்த பயறும் ஒரு முட்டையும். நண்பகலிற் தட்டில் ஒரு பாதி கீரையும் மரக்கறியும். மறு பாதியைச் சோறும் மீனும் சமமாகப் பங்கிட்டுக் கொள்ளட்டும். மீன் உண்ணாதோர்க்குப் பருப்பு. மாலையில் ஒரு பழமும் அவித்த கடலையோ கௌபியோ. இரவில் இடியப்பமும், முதற்பாலைத் தவிர்த்து வைத்த சொதியும். முருங்கையிலை வேலியோரத்திலேயே கிடைக்கிறது.

சாம்பல்தீவுக் கரையில் வாழ்வோர்க்கு மீனைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். எனினும் ஒன்று கூறுவோம். பால் பெருகுமென்று சுறாவைத் தேடிச் சமைப்பது எமது வழக்கம். பெருஞ் சுறாக்களின் தசையிற் பாதரசம் சேர்ந்திருப்பதனால், பாலூட்டும் தாய்மார் அவற்றைத் தவிர்ப்பது நன்று. சூடை, நெத்தலி, கீரி முதலிய சிறுமீன்கள் விலையிலும் குறைந்தவை. குணத்திலும் குறைந்தவை அல்ல.

எதைக் குறைப்பது? நாளொன்றுக்கு ஆறு முறை தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு கரண்டிச் சீனியில் ஏறத்தாழ 190 கலோரி உண்டு. சீனியை விட்டால், சோற்றில் ஒரு பருக்கையும் குறையாமலே இத்தனையும் குறைந்துவிடும். சோடா, பணிஸ், பொரியல் வகைகளையும் அவ்வாறே ஒதுக்குக. கிளினிக்கில் தரும் இரும்பு, கல்சிய மாத்திரைகளையோ, 1973 முதல் இந்நாட்டில் வழங்கப்பட்டுவரும் திரிபோஷாவையோ, கொழுப்பு ஏறுமென்ற அச்சத்தால் ஒதுக்கிவிடாதீர்கள். உங்களுக்கென்று தந்த திரிபோஷாவை வீட்டார் எல்லோரும் பங்கிடுவதும் முறையன்று.

பெரியோர் சொல்லில் கொள்ள வேண்டியவை

முப்பத்தொரு நாள் ஓய்வு, பாரம் தூக்காமை, வேளைக்குச் சூடான உணவு என்று எம் பாட்டிமார் விதித்தவை பொன்னான விதிகள். ஆனால் பத்தியமென்று தண்ணீரைக் குறைப்பது தவறு. திருகோணமலை வெயிலில் பாலூட்டும் தாய்க்குத் தாகம் மிகும். ஒவ்வொரு முறை பாலூட்டும்போதும் அருகில் ஒரு குவளை நீர் இருக்கட்டும். வயிற்றிற் துணி கட்டுவது முதுகுக்குத் தாங்கலாய் இருக்கலாம்; கொழுப்பைக் கரைக்காது. நிறை குறைந்தும் வயிறு முன்தள்ளி நிற்குமாயின், வயிற்றுத் தசைகள் நடுவே விலகியிருத்தல் கூடும். அவ்வாறானவர்கள் படுத்தெழும் பயிற்சிகளில் அவசரப்படாது வைத்தியரிடம் காட்டுக.

விரதங்களைப் பற்றியும் ஒரு சொல். கந்தசஷ்டி உபவாசத்தைப் பாலூட்டும் ஆண்டில் விட்டுவிடுவதனால் முருகப்பெருமான் சினக்கப் போவதில்லை. இஸ்லாமிய சகோதரிகளுக்கும், தமக்கோ பிள்ளைக்கோ தீங்கு நேருமென அஞ்சினால் நோன்பை விடுவதற்கு மார்க்கத்தில் இடமுண்டு.

நடை

சுகப் பிரசவமானவர்கள் சில நாட்களிலேயே மெல்ல நடக்கத் தொடங்கலாம். சத்திரசிகிச்சையின் மூலம் பெற்றவர்கள், புண் ஆறி வைத்தியர் இசைவு தந்த பின்னரே கடும் பயிற்சியில் இறங்க வேண்டும். அதுவரை நீர் நிறைந்த வாளியையும் தூக்கலாகாது. பின்னர், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் விரைந்து நடந்தாற் போதும். பிரசவித்த பெண்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020ஆம் ஆண்டில் விதித்த அளவும் அதுவே. பிள்ளைக்குப் பாலூட்டிவிட்டு வைகறையில் கடற்கரையோரம் நடந்து வருக. நடந்தால் பால் புளித்துவிடும் என்பது வெறும் பேச்சு.

அந்த அரை மணி நேரம் பிள்ளையை யார் பார்ப்பது? இவ்விடத்தில் கணவன்மார் இப்பத்தியைச் சற்று வாங்கிப் படிக்க வேண்டுகிறோம். மனைவி பருத்துவிட்டாள் என்று பரிகசிப்பதிலும், பிள்ளையைத் தோளிலிட்டு அவளை நடக்க அனுப்புவது ஆண்மைக்கு அழகு.

வைத்தியரை நாட வேண்டிய வேளை

உடல் இளைக்கும் மாத்திரைகளையும் 'மெலியும் தேநீர்' என்று விற்கப்படும் பொடிகளையும் பாலூட்டும் தாய் தொடவே கூடாது. அவற்றுட் பல பேதி மருந்துகளே. கர்ப்பத்தில் நீரிழிவு கண்டவர்கள், பிரசவித்து ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் குருதிச் சீனியை மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு நிறை குறைத்தல் அழகுக்காகவன்று, ஆயுளுக்காக. காரணமின்றி நிறை விரைந்து ஏறினாலும் இறங்கினாலும் தைரொயிட் சுரப்பியைச் சோதிப்பது நன்று. உணவில் வெறுப்பும், ஓயாத அழுகையும், பிள்ளையின்மீது பற்றின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நோய், குற்றமன்று. மறைக்காது சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் மருத்துவமாது அதற்காகவே வருகிறார்.

2016ஆம் ஆண்டின் தேசிய அளவீட்டின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர். உலகில் பல செல்வ நாடுகளும் எட்டாத நிலை இது. ஒரு சட்டையின் அளவுக்காக இதனை இழக்கலாமா?

இனி, சாம்பல்தீவுச் சகோதரிக்கு எமது விடை. நாளைக்கே மூன்று வேளை உணவுக்குத் திரும்புங்கள். பிள்ளை கேட்கும்போதெல்லாம், இரவிலும், பாலூட்டுங்கள். கிணற்றடியில் நேர்ந்ததை மறைக்காது மருத்துவமாதுவிடம் கூறி, குருதியைச் சோதித்துக்கொள்ளுங்கள்; இரண்டு வாரத்திற் பிள்ளையை மறுபடி நிறுத்துப் பாருங்கள். நாளுக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழித்து, அட்டையிலுள்ள கோடு மேல்நோக்கி ஏறுமாயின் பால் போதுகிறது என்று தேறலாம். அதன் பின்னரே உங்கள் நிறையை எண்ணுங்கள். திருமணத்துக்கு முன் மூன்று கிலோ குறைந்தாற் போதும். எஞ்சிய எட்டும், பிள்ளை முதற் பிறந்தநாளைக் காணுமுன் தாமாகவே இறங்கும்.

வீட்டில் இரண்டு தராசுகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்: ஒன்று தாய்க்கு, மற்றது சேய்க்கு. முதலிற் பார்க்க வேண்டியது சேயின் தராசை. அது ஏறும்வரை, உங்கள் தராசு இறங்குவதில் அவசரம் வேண்டா.

அந்தச் சட்டையையோ? தையற்காரரிடம் கொடுங்கள். நல்ல தையற்காரர் எவரும் உள்ளே இரண்டு விரற்கடை துணி விட்டுத்தான் தைத்திருப்பார், பிரித்துவிடச் சொல்லுங்கள். மணவீட்டில் உங்கள் மடியிற் கொழுகொழுவென்று சிரிக்கும் பிள்ளையைப் பார்ப்போரே அன்றி, சட்டையின் தையலைப் பார்ப்போர் எவரும் இலர்.