எஞ்சின் சொன்ன சாட்சி

நுவரெலியாவில் சித்திரைப் பருவம் பிறந்துவிட்டால் மலர்க் கண்காட்சியோடும் குதிரைப் பந்தயத்தோடும் மோட்டார் ஓசையும் சேர்ந்துகொள்வதை நேயர்கள் அறிவார்கள். மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டில் தொடங்கியது. வளைந்தேறும் குறுகிய பாதையில் கார்கள் ஒவ்வொன்றாகக் கடிகாரத்தோடு போட்டியிடும். சில ஆண்டுகளுக்கு முன் எம் நண்பரொருவர், தம் தந்தையார் விட்டுச்சென்ற எம்.ஜி. டி.சி. காரை அங்கு ஓட்டினார். 1945 முதல் 1949 வரை செய்யப்பட்ட, இருவர் மட்டுமே அமரக்கூடிய திறந்த கார் அது. பரிசு கிட்டவில்லை, அதுபற்றி அவருக்குக் கவலையுமில்லை.

கவலை மறுநாள் வந்தது. ஹற்றன், கினிகத்தேனை, கித்துள்கலை வழியாகக் கொழும்புக்கு இறங்கியவர், அவிசாவளையைத் தாண்டிச் சமதரையில் விரைந்தபோது எஞ்சினுள் யாரோ கல்லால் தட்டுவது போன்ற ஓசை கேட்டதாம். சற்றைக்கெல்லாம் நீலப்புகை, பிறகு இழுவையே இல்லை. காரை லொறியிலேற்றித் தாம் உத்தியோகம் பார்க்கும் ஹற்றனுக்கே கொண்டுவந்தார்.

"பெயரிங் போய்விட்டது. எண்ணெய் மாற்றிய பையனின் வேலை இது" என்று தீர்ப்பும் கூறிவிட்டார். பந்தயத்திற்கு முன் எண்ணெய் மாற்றியவன், லயத்திலிருந்து வந்து கராஜில் தொழில் பழகும் இளைஞன். நண்பரின் முறைப்பாட்டினால் அவன் வேலை அன்றே போயிற்று. பௌதிகம் கற்பிக்கும் நாமும் அத்தீர்ப்புக்குத் தலையசைத்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

எஞ்சினைக் கழற்றியவர் ஹற்றனில் ஒரு முதிய மெக்கானிக். தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திர அறையில் தொழில் கற்றவர். கழற்றியது எதையும் கழுவக்கூடாது என்பது அவர் விதித்த முதற் கட்டளை. "அழுக்குத்தான் சேர் பேசும்" என்றார்.

நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசை மாறாமல் பலகையில் வைத்தார். முதலிரண்டும் மண்ணிறம், உற்றுப் பார்த்தால் ஓரிரு புள்ளிகள். மூன்றாவதும் நான்காவதும் வெளுத்திருந்தன. அவற்றின் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் நுண்ணிய உலோக மணிகள். எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்தார், மினுமினுப்பு இருந்தது. நண்பர் வெற்றியோடு எம்மைப் பார்த்தார். பெரியவரோ, "பெயரிங் தேஞ்சாலும் இப்படி மின்னும், பிஸ்டன் தேஞ்சாலும் மின்னும். பொறுங்க ஐயா" என்று அடிப்பக்கத்தைத் திறந்தார்.

எண்ணெய் கெட்டோ வற்றியோ இருந்தால் பெயரிங்குகள் உருகி வழிந்திருக்கும். கிராங்கின் கழுத்துகள் வெப்பத்தால் நீலம் பூத்திருக்கும். அவை பளிங்குபோல் இருந்தன. மூன்றாம் நான்காம் கம்பிகளின் மேற்பாதிப் பெயரிங்குகளில் மட்டும், மேலிருந்து சம்மட்டியால் அடித்தாற்போன்ற மங்கல் தடம். ஹெட்டைத் தூக்கியதும் அச்சம்மட்டி எதுவென்று விளங்கிற்று. அவ்விரு பிஸ்டன்களின் விளிம்புகளும் கறையான் அரித்தவைபோற் கிடந்தன. ஒன்றில் ரிங் அமரும் வரம்பே உடைந்திருந்தது.

இதற்குப் பெயர் வெடியெரிதல். பிளக்கில் பிறந்த தீ சிலிண்டர் முழுதும் ஒழுங்காகப் பரவவேண்டும். அது சென்றடையுமுன், மூலையில் எஞ்சிய வாயு அமுக்கத்தாலும் வெப்பத்தாலும் தானாக ஒரே கணத்தில் வெடித்தால், அந்த அதிர்ச்சி அலுமினியத்தை அரித்துவிடும். நண்பர் கேட்ட கல்லோசையும் அதுவே. பிரித்தானியப் பொறியியலாளர் ஹரி ரிக்கார்டோ முதலாம் உலகப்போரை அடுத்த ஆண்டுகளில் அமுக்க விகிதத்தை மாற்றவல்ல எஞ்சினொன்றைக் கொண்டு இதனை ஆராய்ந்தார்.

நண்பர் இப்போது பெற்றோலைக் குற்றஞ்சாட்டினார். "பெற்றோல் நாலு சிலிண்டருக்கும் ஒண்ணுதானே ஐயா?" என்றார் பெரியவர். 7.25க்கு 1 என்ற அமுக்க விகிதமுடைய அப்பழைய எஞ்சினுக்கு இன்றைய 92 ஒக்டேன் பெற்றோல் தாராளம்.

அக்காரில் காபரேட்டர் இரண்டு. முன்னது முதலிரண்டு சிலிண்டர்களுக்கும், பின்னது மற்ற இரண்டுக்கும் ஊட்டுவது. பெரியவர் இரண்டின் அடியிலுமுள்ள நட்டை, அதன் பட்டைகளை எண்ணியபடி மேலே முறுக்கினார். முன்னது பத்துப் பட்டையில் நின்றது. பின்னது நான்கிலேயே முட்டிற்று. ஜெட் அவ்வளவு உயர்ந்திருந்ததால் பின்னிரண்டு சிலிண்டர்களுக்கும் பெற்றோல் மிகக் குறைவாகவே சென்றிருக்கிறது. தீப்பொறியும் வேண்டிய அளவுக்கு மேல் முந்தித் தட்டுமாறு வைக்கப்பட்டிருந்தது. முதலிரு பிளக்குகளின் புள்ளிகளுக்கும் காரணம் கிடைத்தது.

நுவரெலியா 1868 மீற்றர் உயரம். காற்றின் அமுக்கம் அங்கே கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். ஆதலால் பெற்றோலைக் குறைப்பதும் பொறியை முந்தவிடுவதும் அங்கே நியாயம். சிலிண்டரில் நிறையும் காற்றே குறைவாதலால், சற்று மிஞ்சினாலும் எஞ்சின் பொறுத்துக்கொள்ளும். அதே அமைப்போடு அவிசாவளைக்கு இறங்கினால் முழுக் காற்றும் உள்ளே புகும். பொறுமை அங்கே தீர்ந்துவிடும். உயரம் குறையும்போது அளவை மாற்றவேண்டுமென்பது எமக்குத் தெரியாததா? வகுப்பில் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுவதுதான்.

"இதை யார் திருப்பினது?" என்று பெரியவர் கேட்டார்.

பந்தயக் காலையில் அவசரமாகத் தாமே திருப்பியதை நண்பர் மெல்லச் சொன்னார். கராஜில் நெடுநேரம் பேச்சில்லை. "அந்தப் பையன் ஊத்தின எண்ணெய்தான் ஐயா கிராங்கைக் காப்பாத்திச்சு" என்றார் பெரியவர், துணியில் கையைத் துடைத்துக்கொண்டே.

அன்று மாலையே நாம் இருவரும் லயத்திற்குப் போனோம். பையன் வீட்டிலில்லை, கொழுந்து லொறியில் சுமை ஏற்றும் வேலைக்குப் போயிருப்பதாக அவன் தாயார் கூறி, உட்காரச் சொல்லித் தேநீர் தந்தார். இருட்டியபின் வந்தான். நண்பர் எழுந்து நின்று பேசினார். அவன் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "கராஜ் முதலாளிகிட்டயும் இதைச் சொல்வீங்களா ஐயா?"

மறுநாள் காலை முதற் பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போனோம்.